கேளுங்கள், சொல்கிறோம்: இங்கிலாந்தின் பழைய பப்புகள்

பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போகிற பெற்றோர், அங்கே படிக்கப் போகிற மாணவர்கள், கட்டடங்களில் ஆர்வம் உள்ளவர்கள் எனப் பலர் அனுப்பிய கேள்விகளில், அந்நாட்டுப் பழைய பப்புகளைப் பற்றியவை மட்டும் இந்த இதழில்.

கேள்வி: லண்டனில் மகள் வீட்டுக்கு மூன்று மாதம் போகிறோம். நூறு வருடப் பழைய பப்புகளின் உள் அலங்காரத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறாள். நானும் என் கணவரும் குடிப்பவர்கள் அல்ல. சும்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் தவறாக நினைப்பார்களா?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: குடிக்காதவர் பப்புக்குள் வருவதை அங்கே யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் எதுவுமே வாங்காமல் ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியேறுவது அழகல்ல. ஆளுக்கொரு பானம் வாங்கிவிட்டால் ஒரு மணி நேரம் தாராளமாக உட்காரலாம். மேற்கூரையை அண்ணாந்து பார்த்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள்.

எதைக் கேட்பது என்பதில்தான் குடிக்காதவர்கள் தடுமாறுவார்கள். மலிவானது லைம் சோடா: இனிப்பான லைம் கார்டியல் கொஞ்சம் விட்டு, சோடாவால் நிரப்பித் தருவார்கள். 'லெமனேட்' என்றால் நம் எலுமிச்சைச் சாறு வராது, வாயு அடைத்த இனிப்புப் பானம் வரும். 'சைடர்' ஆப்பிளில் செய்ததுதான், ஆனால் நொதிக்க வைத்த மது. பெரும்பாலும் பீர் அளவுக்கே ஆல்கஹால் உண்டு. 'ஷாண்டி'யில் பாதி பீர். 'ஜிஞ்சர் பீர்' பொதுவாக மதுவற்றது, ஆனால் மது சேர்ந்த வகையும் விற்பனையில் இருப்பதால் கேட்டு வாங்குங்கள். மதுவற்ற பீர் என்று தருவதிலும் 0.0, 0.5 சதவீதம் என இரண்டு உண்டு. புட்டியில் எண்ணைப் பாருங்கள். பகலில் பல இடங்களில் காபி, டீ கிடைக்கும். மது விற்க உரிமம் பெற்ற இடம், கேட்கிற வாடிக்கையாளருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். அதை மட்டும் கேட்டு உட்காராமல் இருந்தால் போதும்.

வார நாட்களில் மதியம் இரண்டரையிலிருந்து நாலரை வரை போங்கள். சாப்பாட்டுக் கூட்டம் கலைந்திருக்கும், அலுவலகக் கூட்டம் வந்திருக்காது, செதுக்கிய கண்ணாடிகள் வழியே வெளிச்சம் வரும். வியாழன், வெள்ளி மாலைகளில் போனால் முதுகுகளைத்தான் பார்க்கலாம்.

கேள்வி: ஒரே நாளில் லண்டனில் எந்தெந்தப் பப்புகளைப் பார்க்கலாம்? நடந்தே போக விரும்புகிறேன்.
– வாசகர், மதுரை

பதில்: நாலு போதும். அதற்கு மேல் போனால் எல்லாம் குழம்பிப்போகும்.

புளூம்ஸ்பரியில் லாம்ப்ஸ் கான்டியூட் தெருவிலுள்ள 'தி லாம்ப்' முதலில். கவுண்டருக்கு மேல் வரிசையாகச் சுழலும் சிறு கண்ணாடிக் கதவுகள் இருக்கின்றன. அவை எதற்கு என்பது அடுத்த பதிலில். அங்கிருந்து கால் மணி நேர நடையில் ஹை ஹோல்பர்ன் சாலை, 'பிரின்சஸ் லூயிஸ்'. இதன் உள் அலங்காரம் 1891-ஆம் ஆண்டுடையது: சுவர் முழுக்க வண்ண ஓடுகள், பொன் எழுத்துக் கண்ணாடிகள், நடுவில் குதிரைலாட வடிவக் கவுண்டர், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள். ஓடுகளும் கண்ணாடிகளும் அசல். அறைகளைப் பிரிக்கும் மரத்தடுப்புகளை முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். 2007-இல் அவற்றைப் பழைய மாதிரியிலேயே திரும்பச் செய்து வைத்தார்கள். அந்த வேலையின் நேர்த்திக்காகவே பார்க்கவேண்டும். இதை நடத்தும் சாமுவேல் ஸ்மித் மதுவாலை (பீர் தயாரிக்கும் நிறுவனம்) தன் பப்புகளில் இசையோ தொலைக்காட்சியோ வைப்பதில்லை. 2019-இல் கைபேசி, மடிக்கணினி பயன்பாட்டையும் தடை செய்தது. அதனால் படம் எடுக்கும் முன் ஊழியரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள்.

அங்கிருந்து தெற்கே அரை மணி நடந்தால் பிளாக்ஃபிரையர்ஸ் ரயில் நிலையம். எதிரே ஆப்பு வடிவத்தில் ஒடுங்கி நிற்கிறது 'பிளாக் ஃபிரையர்'. ஒரு காலத்தில் கறுப்பு மேலங்கி அணிந்த டொமினிக்கத் துறவிகளின் மடம் இருந்த இடம் இது. கட்டடம் 1875 வாக்கில் எழுந்தது. 1905-இல் கட்டடக்கலைஞர் ஃபுல்லர் கிளார்க் அதன் உள்ளே புகுந்து விளையாடினார். பளிங்குச் சுவர்களில் செம்புப் புடைப்புச் சிற்பங்கள்: குண்டுத் துறவிகள் பாடுகிறார்கள், தோட்டம் போடுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். மீன் பிடிக்கும் சிற்பத்துக்கு 'நாளை வெள்ளிக்கிழமை' என்று தலைப்பு. வெள்ளியன்று அவர்களுக்கு இறைச்சி விலக்கு என்பது தெரிந்தால் சிரிப்பு வரும். பின்பக்கம் ரயில் பாலத்து வளைவுக்கு அடியில் குகை போன்ற ஒரு சிறு அறை இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் சேர்த்தது அது. பலர் கவனிக்காமலே திரும்பிவிடுகிறார்கள். 1960-களில் இந்தப் பப்பை இடிக்கத் திட்டமிட்டபோது கவிஞர் ஜான் பெட்ஜமன் உள்ளிட்டோர் போராடித்தான் காப்பாற்றினார்கள்.

பிறகு ஆற்றைக் கடந்து சதர்க், 'ஜார்ஜ் இன்'. 1676 தீ விபத்துக்குப் பிறகு எழுந்த கட்டடம். குதிரை வண்டிப் பயணிகள் தங்கிய, மாடிகளில் நீள மர நடைகள் கொண்ட சத்திரம். அவ்வகையில் லண்டனில் மிஞ்சியது இது ஒன்றுதான். அதிலும் ஒரு பக்கம் மட்டும். மற்றப் பக்கங்களை 19-ஆம் நூற்றாண்டில் ரயில்வே நிறுவனம் இடித்துவிட்டது. 1937 முதல், பழங்காலச் சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் சொத்து. முற்றத்திலேயே உட்கார்ந்துவிடாமல் தெருவை ஒட்டிய முதல் அறைக்குள் போங்கள்.

கேள்வி: கட்டடக்கலை மாணவி நான். பப்புக்குள் ஏன் இத்தனை அறைகள்? 'ஸ்நக்', 'சலூன் பார்' என்றெல்லாம் கதவுக் கண்ணாடியில் எழுதியிருக்கிறதே?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் பப்பின் பாதி புரிந்துவிடும். விக்டோரியா காலத்துப் பப்பில் யார் எங்கே நிற்பது என்பதை வாசலே தீர்மானித்தது. உழைப்பாளிகளுக்குப் 'பப்ளிக் பார்': வெறும் பலகைத் தரை, மர பெஞ்சு, விலை குறைவு. சற்று வசதியானவர்களுக்குச் 'சலூன் பார்': கம்பளம், மெத்தை இருக்கை, அதே பீருக்குச் சில காசு கூடுதல். நடுவே 'பிரைவேட் பார்'. நாலு பேர் மட்டும் அடங்கும் ஒதுக்கு அறை 'ஸ்நக்'. வெளிப்பார்வைக்குத் தெரியாமல் உட்கார விரும்பிய பெண்கள் பெரும்பாலும் இங்கேதான். வீட்டுக்குக் குடுவையில் வாங்கிப்போகிறவர்களுக்குத் தனிச் சாளரம், 'ஜக் அண்ட் பாட்டில்'. ஒவ்வொன்றுக்கும் தெருவிலிருந்து தனிக் கதவு. நடுவிலுள்ள கவுண்டரில் நிற்கும் ஊழியர் மட்டும்தான் எல்லா அறைக்கும் பொது.

சலூன் பக்கத்துக் கனவான்களுக்கு ஒரு சங்கடம்: கவுண்டருக்கு அந்தப் பக்கம் தன் வேலையாள் நின்று குடித்துக்கொண்டிருப்பான். இருவரும் முகம் பார்க்காமலிருக்கக் கவுண்டரின் மேல் கண் மட்டத்தில் சுழலும் ஒளிபுகாக் கண்ணாடிகளைப் பொருத்தினார்கள். அவற்றுக்குத்தான் 'ஸ்நாப் ஸ்கிரீன்' என்று பெயர். ஒன்றைத் திருப்பி ஆர்டர் சொல்லி, கிளாஸை அடியில் உள்ள இடைவெளி வழியாக வாங்கிக்கொண்டு மூடிவிடலாம். மைடா வேலில் 'பிரின்ஸ் ஆல்ஃபிரட்' என்ற பப்பில் இந்தக் கண்ணாடிகளோடு ஐந்து தடுப்பறைகளும் அப்படியே இருக்கின்றன. தடுப்புகளின் அடியில் இடுப்பளவே உள்ள குட்டிக் கதவுகள். துப்புரவு செய்பவர் குனிந்து புகுந்து போக வைத்தவை. இன்று வாடிக்கையாளர்களும் அவற்றின் வழியேதான் அறைக்கு அறை தவழ்கிறார்கள். நெற்றி பத்திரம்.

வட இங்கிலாந்தில் ஏற்பாடு வேறு. அங்கே நடுவில் ஒரு கூடம் அல்லது நடைபாதை, அதைச் சுற்றி அறைகள்; 'டாப் ரூம்', 'ஸ்மோக் ரூம்', 'வால்ட்ஸ்' என்று பெயர்கள். சில அறைச் சுவர்களில் இருக்கைக்கு மேல் அழைப்பு மணிப் பொத்தான்களைப் பார்க்கலாம். அழுத்தினால் பணியாள் வந்து ஆர்டர் எடுத்த காலம் ஒன்று உண்டு. இப்போது அழுத்தினால் விரல்தான் வலிக்கும்.

இந்தப் பகட்டுக்குக் காரணம் பணம். புதிய உரிமங்களைத் தர நீதிபதிகள் மறுத்ததால், இருந்த உரிமங்களின் விலை ஏறியது. மதுவாலைகள் போட்டி போட்டுப் பப்புகளை வாங்கின. வாங்கியவற்றில் மஹோகனியும் பளிங்கும் கண்ணாடியுமாகக் கொட்டின. லண்டனில் 1890-களின் இறுதியில் உச்சம். 1899-இல் அந்தக் குமிழி உடைந்தது. இன்று நாம் வியக்கிற அலங்காரங்களில் பெரும்பகுதி அந்தச் சில ஆண்டுகளில் வந்தது.

தடுப்புகள் போனதற்கு இரண்டு காரணங்கள். ஒளிவு மறைவான மூலைகளைப் போலீசாரும் நீதிபதிகளும் விரும்பவில்லை. ஒரே ஆள் நின்று எல்லாரையும் பார்க்கும்படி இருக்கவேண்டும் என்றார்கள். பிறகு 1960, 70-களில் விலை வித்தியாசம் அர்த்தமிழக்க, மதுவாலைகளே சுவர்களைத் தட்டி ஒரே பெரிய ஹாலாக்கின. வரைபடம் போடுகிறவர் என்பதால் ஒரு யோசனை: தரையையும் மேற்கூரையையும் பாருங்கள். ஓட்டுத் தரையில் திடீரென ஒரு நேர்கோட்டுத் தழும்பு, கூரையில் பாதியில் நிற்கும் பூவேலை, ஒரே ஹாலுக்குள் திறக்கும் மூன்று வாசல்கள், அவற்றுள் ஒன்றில் 'பிரைவேட் பார்' என்ற எழுத்து. இவற்றை வைத்தே பழைய அறைகளைத் தாளில் திரும்ப வரைந்துவிடலாம்.

கேள்வி: எல்லாப் பப்பும் 'ஓல்டே' (பழைய) என்று பெயர் வைத்துக்கொண்டு நானூறு வருடம் என்கிறதே. அசல் எது, போலி எது?
– வாசகர், சேலம்

பதில்: கறுப்பு உத்தரமும் வெள்ளைச் சுவரும் பார்த்து ஏமாறாதீர்கள். 1920, 30-களில் மதுவாலைகள் 16-ஆம் நூற்றாண்டு டியூடர் பாணியில் புதிதாகவே நூற்றுக்கணக்கில் கட்டின. அவற்றிலும் நல்லவை உண்டு, ஆனால் வயது நூறுதான். உத்தரத்தைத் தட்டிப் பாருங்கள். உள்ளீடற்ற சத்தம் வந்தால் அது பலகைப் பெட்டி. அலமாரியில் பழம் புத்தகங்களும் சுவரில் செம்புச் சட்டிகளும் நெருக்கியடித்திருந்தால் பெரும்பாலும் அண்மைக் காலத்து அலங்காரம். சுவரில் எழுதிய ஆண்டையும் நம்பவேண்டாம்: நாட்டிங்ஹாமில் குன்றைக் குடைந்த குகைகளோடு ஒட்டிய 'டிரிப் டு ஜெருசலேம்' 1189 என்று பெரிதாக எழுதியிருக்கிறது, கட்டடமோ 17-ஆம் நூற்றாண்டுடையது. குகைகள் பார்க்க வேண்டியவையே, அது வேறு விஷயம்.

கட்டடத்தின் வயதும் உள் அலங்காரத்தின் வயதும் வெவ்வேறு என்பதை மனதில் வையுங்கள். 1600-இல் கட்டிய பப்பின் உள்ளே 1985-ஆம் வருடத்து மரவேலை இருக்கலாம். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது தகவல். அதற்கு காம்ரா என்ற அமைப்பின் பட்டியலைப் பாருங்கள். பீப்பாய் பீரைக் காக்க 1971-இல் நுகர்வோர் தொடங்கிய அமைப்பு இது; வரலாற்று மதிப்புள்ள உள் அலங்காரங்களைத் தேடி ஆவணப்படுத்தி, ஒன்று முதல் மூன்று வரை நட்சத்திரம் கொடுத்து, இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மூன்று நட்சத்திரம் என்றால் ஊர் விட்டு ஊர் போய்ப் பார்க்கலாம். அரசு சார்ந்த ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நிறுவனத்தின் பாதுகாப்புப் பட்டியலும் உண்டு: கிரேடு 1, கிரேடு 2 நட்சத்திரம், கிரேடு 2 என்று மூன்று படிகள்.

கேள்வி: இங்கிலாந்து பீர் வெதுவெதுப்பாக, நுரையில்லாமல் இருக்கும் என்கிறார்கள். பீப்பாயிலிருந்து கவுண்டர் வரை எப்படி வருகிறது?
– பொறியாளர், திருச்சி

பதில்: வெதுவெதுப்பாக இருந்தால் அது கெட்ட பீர். காஸ்க் ஏல் எனப்படும் பீப்பாய் பீர் 11 முதல் 13 டிகிரி செல்சியஸில் வரவேண்டும். ஐந்து டிகிரியில் தரும் லாகர் வகை பீருக்குப் பழகிய நாக்குக்கு அது சூடாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

கெக் பீர் வடிகட்டி, பெரும்பாலும் சூடாக்கி ஈஸ்டைக் கொன்று, வாயு அழுத்தத்தில் குழாய்க்கு ஏற்றப்படுவது. காஸ்க் பீரில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பப்பின் நிலவறையில் பீப்பாய்க்குள்ளேயே கடைசி நொதித்தல் நடக்கும். வழக்கமான பீப்பாய் 'ஃபர்க்கின்': 9 காலன், அதாவது 72 பைன்ட், ஏறக்குறைய 41 லிட்டர். இப்போது பெரும்பாலும் உலோகம். வந்ததும் அதைத் தாங்கியில் படுக்கவைத்து அசையாமல் விடுவார்கள். மேல் துளையில் மென்மரச் செருகு ஒன்றை அடித்தால் உபரி வாயு மெல்லக் கசிந்து வெளியேறும். ஒரு நாள், இரண்டு நாளில் ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளியும். பிறகு வாயு முழுவதும் போய்விடாதபடி கடினமரச் செருகு. முன்பக்க அடைப்பில் சுத்தியலால் ஒரே அடி, குழாய் உள்ளே போகும். தயங்கித் தயங்கி அடித்தால் நிலவறை நனையும்.

கவுண்டரில் தெரியும் நீளமான கைப்பிடி வெறும் நெம்புகோல். கீழே உருளைக்குள் பிஸ்டன். ஒரு இழுப்புக்குப் பொதுவாக அரை பைன்ட். பீர் பம்புக்கு 1797-இல் காப்புரிமை பெற்றவர், ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குப் பெயர்போன ஜோசஃப் பிராமாதான். வடக்கே குழாய் நுனியில் 'ஸ்பார்க்லர்' என்ற துளையிட்ட மூடியை மாட்டுவார்கள். பீர் அதன் வழியே பீறிட்டு வந்து பாலாடை போல நுரைக்கும். தெற்கே அது இல்லாமல் ஊற்றுவதால் நுரை குறைவு. எது சரி என்பது அங்கே தீராத பஞ்சாயத்து.

கோளாறுகள் எங்கே வரும்? பீப்பாயிலிருந்து பீர் வெளியேற வெளியேற உள்ளே காற்று புகும். மூன்று நாளுக்குள் தீர்க்காவிட்டால் புளித்து வினிகர் வாடை வரும். கடினச் செருகைப் போட மறந்தால் வாயு போய்ச் சப்பென்றாகும். படிவு கலங்கினாலோ பீப்பாயின் அடிமிச்சத்தை இழுத்தாலோ கலங்கல். இரவு முழுக்கக் குழாயில் தங்கிய பீரை முதலில் இழுத்துக் கொட்டாமல் தந்தால் பழைய வாடை. பம்ப் அதிகம் ஓடாத பப்பில் ஐந்து வகை காஸ்க் இருந்தால் சந்தேகப்படுங்கள். நன்றாக ஓடும் இரண்டு வகையே மேல். பம்பின் மேல் மாட்டிய பெயர்ப்பலகை முதுகைக் காட்டித் திரும்பியிருந்தால் அந்த பீர் தற்போது இல்லை என்று பொருள்.

கெட்டுப்போன பீரைத் திருப்பிக் கொடுக்கத் தயங்க வேண்டாம். இரண்டு மடக்குக்குள் கவுண்டருக்கு எடுத்துப்போய், சரியில்லை போலத் தெரிகிறது என்று மெல்லச் சொன்னால் மாற்றித் தருவார்கள். முக்கால் கிளாஸ் குடித்தபின் போனால் சிரிப்பார்கள். அளவு பற்றி: ஒரு பைன்ட் 568 மி.லி. அரை பைன்ட், மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கும் கேட்கலாம். பல ரகம் ருசிபார்க்க மூன்றில் ஒரு பங்குதான் புத்திசாலித்தனம். நுரை அதிகமாகி அளவு குறைந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வது உங்கள் உரிமை.

கேள்வி: சுத்த சைவம். பீரில் மீன் இருக்கிறது என்று நண்பன் பயமுறுத்துகிறான்.
– மாணவர், கும்பகோணம் (தற்போது லீட்ஸ்)

பதில்: நண்பர் முழுப் பொய் சொல்லவில்லை. காஸ்க் பீரைத் தெளியவைக்க 'இஸிங்கிளாஸ்' சேர்ப்பது நெடுநாள் வழக்கம். அது உலர்த்திய மீன் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. ஈஸ்டைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும், ஆனாலும் சுத்த சைவருக்கு ஆகாது. 'வீகன்' என்றோ, தெளிவிப்பான் சேர்க்காதது என்றோ பெயர்ப்பலகையில் போட்ட பீர் இப்போது பல இடங்களில் கிடைக்கிறது. அயர்லாந்தின் கறுப்பு பீரான கின்னஸ் சில ஆண்டுகளுக்கு முன் இஸிங்கிளாஸைக் கைவிட்டது.

பீரைவிடச் சாப்பாட்டில் பொறி அதிகம். நீங்கள் இருக்கும் யார்க்ஷயரில் சிப்ஸை மாட்டுக்கொழுப்பில் பொரிக்கும் வழக்கம் இன்னும் உண்டு. எண்ணெயாக இருந்தாலும் மீனைப் பொரித்த அதே சட்டியா என்று கேளுங்கள். வூஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன். 'போர்க் ஸ்கிராட்சிங்ஸ்' பன்றித்தோல். சில சீஸ்களில் பாலை உறையவைக்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட் உண்டு. ரொட்டி, சீஸ், ஊறுகாய் வைத்துத் தரும் 'ப்ளோமன்ஸ் லஞ்ச்' கேட்கும்போது அதையும் விசாரியுங்கள். முட்டை சாப்பிடுவீர்களானால் ஊறவைத்த முட்டை இருக்கிறது, வினிகரைத் தாங்க முடிந்தால். பல பப்புகளில் சமையலறை மதியம் இரண்டரை வாக்கில் மூடி மாலையில்தான் திறக்கும்.

கேள்வி: கவுண்டரில் வரிசையே இல்லையே, யாரிடம் எப்படிச் சொல்வது? டிப்ஸ் வைக்க வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வரிசை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. யார் முன்னால் வந்தார், யார் பின்னால் என்று ஊழியரும் நிற்பவர்களும் நினைவில் வைத்திருப்பார்கள். கவுண்டரில் காலியிடம் பார்த்து நின்று, ஊழியரின் கண்ணைப் பாருங்கள். விரல் சொடுக்குவது, நோட்டை ஆட்டுவது, 'ஹலோ' என்று கூப்பிடுவது எல்லாம் உங்கள் முறையைத் தள்ளித்தான் போடும். உங்களுக்கு முன் வந்தவரை விட்டு உங்களிடம் கேட்டால், அவரைக் காட்டிவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். கின்னஸ் இருந்தால் முதலில் சொல்லுங்கள், அது படிய நேரம் பிடிக்கும். உணவுக்கு மேசை எண்ணைப் பார்த்துவிட்டு வந்து கவுண்டரிலேயே சொல்லி, அப்போதே பணம் கட்டுவது வழக்கம். கார்டு மட்டுமே வாங்கும் இடங்கள் பெருகிவிட்டன. லண்டனில் ஒரு பைன்ட் 6, 7 பவுண்டு என்பது இப்போது சாதாரணம்; வடக்கே குறையும். கவுண்டரில் வாங்கும் பானத்துக்கு டிப்ஸ் வழக்கமில்லை. நண்பர்களோடு போனால் ஆளுக்கொரு முறை எல்லாருக்கும் வாங்கும் 'ரவுண்டு' முறை. நீங்கள் லைம் சோடாதான் குடிக்கிறீர்கள் என்றாலும் உங்கள் முறை வரும்போது எழுந்து போகவேண்டும். தப்பித்தவரை வருடக்கணக்கில் மறக்கமாட்டார்கள். கிளம்பும்போது காலிக் கிளாஸைக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனால் ஊழியர் முகம் மலரும்.

கேள்வி: 11 வயது மகனையும் 17 வயது மகளையும் அழைத்துப்போகலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: பெரியவர் கூட இருந்தால் சட்டம் தடுக்காது, ஆனால் அந்தந்தப் பப்பின் விதியே இறுதி. சாப்பாடு தரும் பப்புகளில் பகலில் சிக்கலில்லை, இரவு எட்டு, ஒன்பது மணிக்குமேல் பல இடங்களில் குழந்தைகளை அனுப்பிவிடுவார்கள். மது வாங்கும் வயது 18. இருபத்தைந்துக்குள் தோற்றமளித்தால் அடையாள அட்டை கேட்பார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஆதார் செல்லாது.

கேள்வி: லிவர்பூலில் ஒரு பப்பின் ஆண்கள் கழிப்பறையைப் பார்க்கப் பெண்களும் போகிறார்களாமே, உண்மையா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: உண்மை. ஹோப் தெருவிலுள்ள 'ஃபில்ஹார்மானிக் டைனிங் ரூம்ஸ்'. மதுவாலை அதிபர் ராபர்ட் கெய்ன் பணம் போட, வால்டர் தாமஸ் வடிவமைத்து 1900 வாக்கில் முடிந்த கட்டடம். கழிப்பறையின் சிறுநீர்க் கலங்கள் செந்நிறப் பளிங்குத் தோற்றத்தில், ஓடுகளும் மொசைக்கும் சூழ இருக்கின்றன. ஊழியரிடம் சொன்னால் உள்ளே ஆளில்லை என்று பார்த்து அனுப்புவார்கள்; நீங்களாகக் கதவைத் தள்ளவேண்டாம். 2020 பிப்ரவரியில் கிரேடு 1 தகுதி கிடைத்தது. அது கழிப்பறைக்காக மட்டும் அல்ல: தெருவாசலின் உலோகக் கதவு, மொசைக் பதித்த கவுண்டர், செம்புப் பலகைகள், பூவேலைக் கூரை எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும்.

வடக்கே போகிறவர்கள் இன்னும் சிலவற்றைக் குறித்துக்கொள்ளலாம். மான்செஸ்டரின் 'மார்பிள் ஆர்ச்' (1888): மொசைக் தரை கவுண்டரை நோக்கிச் சரிந்திருக்கும், கோளாறு கண்ணில் இல்லை. லீட்ஸ் ஹன்ஸ்லெட்டில் 'கார்டன் கேட்': கவுண்டரே வளைந்த பீங்கான் வேலைப்பாடு, இப்படி மிஞ்சியவை மிகக் குறைவு. யார்க்கில் ஃபாஸ்கேட் தெருவின் 'புளூ பெல்': 1903-இல் அமைத்த இரண்டே சிறு அறைகள், கூட்டமாகப் போனால் இடமிருக்காது. பர்மிங்ஹாமில் 'பார்டன்ஸ் ஆர்ம்ஸ்' (1901): மாடிப்படியின் சுவர் முழுக்க மின்டன் ஓடுகள்.

கேள்வி: பேல் ஏல் (வெளிர்நிற பீர்) சென்னைக்காகக் கண்டுபிடித்த பீர் என்பது நிஜமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: சென்னைக்கும் வந்தது, அவ்வளவுதான். லண்டன் போ பகுதியின் ஹாட்ஜ்சன் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களின் துறைக்கு அருகில் இருந்ததால் இந்தியச் சரக்கில் முந்தியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வர மாதக்கணக்கில் ஆகும். கசப்புச் சுவை தரும் ஹாப்ஸ் பூவைத் தாராளமாகப் போட்ட பீர் அதைத் தாங்கியது. 1820-களில் பர்ட்டன் ஊர் ஆலைகள் அந்த வியாபாரத்தைப் பிடித்தன. இந்தியாவுக்கென்றே ஒருவர் உட்கார்ந்து கண்டுபிடித்தார் என்பது பின்னாளில் கட்டிய கதை. சாதாரணச் சிப்பாய்கள் இங்கே குடித்தது பெரும்பாலும் போர்ட்டர் என்ற கறுப்பு பீர்தான்.

கேள்வி: இப்படிப்பட்ட பப்பை உரிமையாளர் இடித்துவிட்டால்?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்தை, உள்ளே ஒரு தடுப்பைக்கூட, அனுமதியின்றி மாற்றுவது குற்றம். பட்டியலில் இல்லாதவைதான் ஆபத்தில் இருக்கின்றன. லண்டன் கில்பர்ன் அருகே 'கார்ல்டன் டேவர்ன்' 1920-களின் பப். பட்டியலில் சேர்க்கப் பரிசீலனை நடந்துகொண்டிருந்தபோதே 2015 ஏப்ரலில் அனுமதியின்றி இடித்துவிட்டார்கள். அதற்கு முன்பே ஹிஸ்டாரிக் இங்கிலாந்து ஆட்கள் அதை விவரமாகப் பதிவு செய்திருந்தார்கள். அந்தப் பதிவை வைத்து, செங்கல் செங்கலாகப் பழையபடியே கட்டித்தரவேண்டும் என்று வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி உத்தரவிட்டது. 2021-இல் மீண்டும் திறந்தது. ஸ்டாஃபர்ட்ஷயரில் சுரங்கத்தால் ஒரு பக்கம் சாய்ந்து புகழ்பெற்ற 'குரூக்கட் ஹவுஸ்' 2023 ஆகஸ்டில் எரிந்தது. இரண்டே நாளில் மிச்சத்தையும் இடித்தார்கள். அதையும் திரும்பக் கட்டும்படி 2024-இல் உத்தரவு போயிருக்கிறது.

கேள்வி: அப்பாவுக்கு முழங்கால் வலி, கைத்தடியோடு நடப்பார். பழைய பப்புகளில் ஏறி இறங்க முடியுமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: கவுண்டர் பெரும்பாலும் தெருமட்டத்தில் அல்லது ஒரு படி உயரத்தில்தான். தொல்லை கழிப்பறையில்: லண்டனில் அது பெரும்பாலும் நிலவறையில், செங்குத்தான குறுகிய படிகளுக்குக் கீழே, பிரின்சஸ் லூயிஸிலும் ஆண்கள் கழிப்பறை கீழேதான். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் லிஃப்ட் வைக்க அனுமதி எளிதில் கிடைப்பதில்லை. போகும் முன் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள்: வாசலில் எத்தனை படி, கழிப்பறை எந்தத் தளத்தில். உள்ளே போனதும் உயர ஸ்டூலைத் தவிர்த்து, சுவரோரம் முதுகு சாயும் நீள் இருக்கையில் உட்காரவையுங்கள். பழைய பப்பில் வசதியான இடம் அதுதான், அறை முழுவதும் கண்ணில் படுவதும் அங்கிருந்துதான். ஜார்ஜ் இன் முற்றத்தில் தரை மேடுபள்ளம், தடி நழுவும். மழை நாளில் வேண்டாம்.